பால வடிவமைப்பு: மேற்படிப்புக்கு வழி என்ன?

சிவில் முடிச்சுட்டு ஒரகடம் பக்கம் வேலை பார்க்கிறீங்களா? கார் ஏற்றிய டிரெய்லர்கள் ஓயாமல் ஓடும் சாலை அது. ஐ.ஆர்.சி. 6 விதிநூலில் உள்ள '70ஆர்' சக்கர வண்டியின் எடை 100 டன். அது எங்கே நின்றால் பாலம் அதிகம் வளையும்? இதைக் கணக்கிடுவதுதான் அடிப்படைப் பாடம்.

என்ன படிக்கலாம்? எம்.இ. ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரிங். பால வடிவமைப்பு அதில் விருப்பப் பாடமாக வரும்.

எப்படிச் சேரலாம்? அண்ணா பல்கலைக்கழகத்துக்கு கேட் அல்லது சீட்டா-பிஜி, ஐ.ஐ.டி. மெட்ராஸுக்கு கேட். கேட் மதிப்பெண் 3 ஆண்டுகள் செல்லும்.

சம்பளம் நின்றுவிடுமே? கேட் தகுதியோடு முழுநேரம் படிப்பவர்களுக்கு ஏ.ஐ.சி.டி.இ. உதவித்தொகை மாதம் ரூ.12,400 உண்டு. வீட்டுச் செலவுக்கு அது போதுமா என்று முதலில் கணக்குப் போடுங்க. போதாதென்றால், வேலையை விடாமல் என்.பி.டி.இ.எல். பாடங்களை மொபைலில் இலவசமாகப் படிங்க. சான்றிதழ் தேர்வுக்கு மட்டும்தான் கட்டணம்.