கடல் பெற்றது, கழி வளர்த்தது

காஞ்சிபுரத்தை அடுத்த செவிலிமேட்டிலிருந்து நெசவுக் குடும்பத்துப் பெண் ஒருவர் எழுதியிருக்கிறார். புரட்டாசி விரதம் முடிந்த முதல் ஞாயிறன்று சந்தையில் "பழவேற்காட்டு மடவைம்மா, கழிமீன்" என்று சொன்னதை நம்பிக் கூடுதல் விலை கொடுத்து வாங்கியிருக்கிறார். மீனின் கண்மேல் ஜவ்வு படர்ந்தாற்போல் மங்கல். ஆய்ந்தபோது வயிற்றுக்குள் கறுப்பாக ஒரு தோல். குழம்பு கொதித்ததும் சேற்று வாடை. "பழைய மீனைத் தலையில் கட்டிவிட்டார்கள்" என்று மாமியார் சொல்ல, அன்றைய சாப்பாடே கசந்துபோயிருக்கிறது. நான் ஏமாந்தேனா, கழிமீன் என்றால் என்ன, எந்த மாதம் எதை வாங்குவது என்று கேட்கிறார்.

நீங்கள் எழுதிய மூன்று அடையாளங்களில் ஒன்றுகூட மீன் பழசு என்று காட்டவில்லை. மூன்றுமே மடவையின் இயல்பு.

பெரிய மடவைக்குக் கண்ணின் மேல் இயல்பாகவே ஒரு கொழுப்புப் படலம் உண்டு. வலையில் துள்ளும்போதும் அதன் கண் அப்படித்தான் இருக்கும். மற்ற மீன்களைக் கண் பார்த்து வாங்குங்கள். மடவைக்கு மட்டும் செவுளைத் தூக்கிப் பாருங்கள். செவுள் ரத்தச் சிவப்பாக, வழவழப்பு ஒட்டாமல் இருக்கவேண்டும். முதுகுச் சதையைக் கட்டைவிரலால் அழுத்தினால் பள்ளம் உடனே எழும்ப வேண்டும். வயிற்றின் கறுப்புத் தோலும் எல்லா மடவைக்கும் உண்டு. கல்லுப்பு வைத்துத் தேய்த்தால் உரிந்து வந்துவிடும். அதை விட்டுவிட்டால் கசப்புத் தட்டும்.

சேற்று வாடைதான் இவற்றில் சுவையான விஷயம். முதல் மழை விழுந்ததும் மண்வாசனை என்று மூச்சை இழுத்து மகிழ்கிறோமே, அந்த மணத்தைத் தரும் பொருளுக்கு ஜியோஸ்மின் என்று பெயர். சேற்றில் வாழும் நுண்ணுயிர்களும் நீலப்பச்சைப் பாசிகளும் அதை உண்டாக்குகின்றன. மடவை மற்ற மீன்களை வேட்டையாடுவதில்லை. கழியின் தரையில் படிந்த பாசியையும் மக்கிய இலைதழையையும் மண்ணோடு சேர்த்து உறிஞ்சித் தின்னும். கோழிக்கு இருப்பதுபோல் தடித்த அரைவைப்பை அதன் வயிற்றில் உண்டு. மணலின் உதவியால் அது இரையை அரைக்கிறது. அந்தத் தீனியோடும் செவுள் வழியாக நீரோடும் சேரும் ஜியோஸ்மின் உடம்பின் கொழுப்பில் தங்கிவிடும். உப்பு குறைந்த மழைக்கால நீரில் வாடை பெரும்பாலும் கூடுதலாக இருக்கும். ஆக, அந்த வாடை மீன் எங்கே மேய்ந்தது என்பதற்கு அது கொண்டுவந்த சான்றிதழ். அதைப் போக்கும் வழியைக் கடைசியில் சொல்கிறேன். கழியைப் பற்றிச் சொல்லாமல் மாதக்கணக்கைச் சொல்லிப் பயனில்லை.

கடற்கரைக்கு இணையாக நீண்ட மணல்திட்டு ஒன்று. அதன் பின்னால் ஆழமில்லாமல் விரிந்த நீர். திட்டை அறுத்துக்கொண்டு கடலுக்குத் திறக்கும் ஒரு வாய். அந்த வாயைத்தான் முகத்துவாரம் என்கிறார்கள். பழவேற்காட்டில் அந்தத் திட்டு, ராக்கெட் ஏவும் ஸ்ரீஹரிகோட்டா தீவு. ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் பெரிய உப்புநீர்க் கழி பழவேற்காடுதான். அதன் பெரும்பகுதி ஆந்திரத்தில் இருக்கிறது. ஆரணி ஆறும் காளங்கியும் சுவர்ணமுகியும் அதில் நன்னீர் சேர்க்கின்றன. இங்கே நம் பக்கத்தில் முட்டுக்காடு, ஒதியூர் என்று சிறிய கழிகள் உண்டு.

கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருக்கிறது. பழவேற்காட்டில் அடைமழைக் காலத்தில் சில இடங்கள் நன்னீர் போலாகிவிடும். கோடையில் வாய் தூர்ந்து, வெயில் நீரைக் குடித்தபின் கடலைவிட அதிகமாகக் கரிக்கும். ஒரே ஆண்டுக்குள் இத்தனை மாற்றத்தைத் தாங்கி அங்கேயே பிறந்து அங்கேயே முடியும் மீன்கள் குறைவு. மலையாளிகள் கரிமீன் என்று கொண்டாடும் சேத்துக்கெண்டை அந்தச் சிலவற்றில் ஒன்று. தாயும் தகப்பனும் சேர்ந்து முட்டைக்குக் காவல் நிற்கும் மீன் அது. மடவை, வெள்ளை இறால், கொடுவா, பால்கெண்டை, பச்சை நண்டு எல்லாம் கடலிலோ கடல் வாயிலோ பிறந்து, மிகச் சின்ன உருவில் ஓதத்தோடு உள்ளே வந்து, கழியில் வளர்ந்து, இனம் பெருக்க மறுபடி கடலுக்குப் போகின்றன. உங்கள் ஊர்ப் பெயரில் இருக்கும் சொல்லையே எடுத்துச் சொல்வதானால், கடல் பெற்ற தாய், கழி செவிலித்தாய். கலங்கிய நீரும் ஆழமின்மையும் பெரிய மீன்களிடமிருந்து குஞ்சுகளைக் காக்கின்றன. ஆறு கொண்டுவந்த வண்டலும் மக்கும் சேறும் தீனி போடுகின்றன. மீன் போகவும் வரவும் ஒரே வாசல், முகத்துவாரம். அது அடைபட்டால் அந்த ஆண்டுக் குஞ்சுகளுக்கு வழியில்லை.

சிலிகாவில் இதைக் கண்ணாரக் கண்டார்கள். வாய் தூர்ந்து கழி சீரழிந்திருந்த நிலையில் 2000 செப்டம்பரில் கடலுக்குப் புதிய முகத்துவாரம் வெட்டினார்கள். ஓரிரு ஆண்டுகளிலேயே மீன்பிடிப்பு பல மடங்கு உயர்ந்தது. ஆபத்திலுள்ள ஈரநிலங்களின் பட்டியலிலிருந்து 2002-இல் சிலிகா நீக்கப்பட்டது. எந்தக் குஞ்சு பொரிப்பகமும் செய்யாத வேலையை ஒரு திறந்த வாசல் செய்தது.

இனி மாதக்கணக்கு. பெரிய மடவை நம் கரையில் ஐப்பசி தொடங்கித் தை வரை சினைப்படும். மழை வெள்ளம் முகத்துவாரத்தை அகலத் திறக்கும்போது அது கடலுக்கு ஓடுகிறது. அதாவது, காஞ்சிபுரத்தில் புரட்டாசி விரதம் முடிந்து சந்தையில் கூட்டம் முண்டும் அதே வாரங்களில் மடவை வயிற்றில் முட்டையோடு வாசலை நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறது. ஆகவே மடவையை ஆடி, ஆவணியில் வாங்கி உண்ணுங்கள். கோடை முழுக்க மேய்ந்து கொழுத்திருக்கும், சினை பெருத்திருக்காது, சதையில் ருசி நிற்கும். ஐப்பசிக்குப் பிறகு வயிறு உப்பிய மடவையைக் கண்டால் விட்டுவிடுங்கள். மடவைச் சினை ருசியானது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒரு பெரிய சினையில் லட்சக்கணக்கில் முட்டைகள் இருக்கின்றன.

ஐப்பசி, கார்த்திகையில் அதற்குப் பதிலாக இறால் வாங்கலாம். நீரில் உப்புக் குறையக் குறைய, கழியில் வளர்ந்த வெள்ளை இறால் வற்றுநீரோடு கூட்டமாகக் கடலை நோக்கி நகரும். பழவேற்காட்டு மீனவர்கள் முகத்துவாரத்தை ஒட்டி வலை கட்டி அதைப் பிடிக்கிறார்கள். யார், எந்த இடத்தில், எந்த நாளில் வலை போடுவது என்பதைச் சீட்டுப் போட்டு முறை வைத்துத் தீர்மானிக்கும் வழக்கம் அங்கே பல தலைமுறைகளாக இருக்கிறது. அதற்குப் பாடு என்று பெயர். முறை இல்லாதவர் அன்று அந்த இடத்தில் வலை இறக்க முடியாது. வாசலை எல்லாரும் ஒரேயடியாக அடைத்துவிடாமல் காத்த ஏற்பாடு அது. இலங்கையின் நீர்கொழும்புக் கழியிலும் இதுபோல் முறைவைத்துக் கட்டுவலை போடுகிறார்கள். கையால் தடவிப் பிடிக்கும் இறாலும் உண்டு. இருளர் பெண்களும் ஆண்களும் கழியில் அமர்ந்து, ஓலைப் பறியின் வாயைப் பல்லில் கவ்விக்கொண்டு, இரண்டு கையாலும் சேற்றைத் தடவி ஒவ்வொன்றாக எடுப்பார்கள். அந்த இறால் கிடைத்தால் பேரம் பேசாமல் வாங்குங்கள். கொசுவலை மாதிரி சின்னக் கண்ணிகொண்ட வலை செய்யும் சேதம் அதில் இல்லை.

கழி இறால் என்ற பெயரில் வளர்ப்பு இறால் விற்கப்படுவது உண்டு. 2009-க்குப் பிறகு நம் நாட்டுக் குளங்களில் பரவலாக வளர்ப்பது அமெரிக்காவின் பசிபிக் கரையைப் பூர்வீகமாகக் கொண்ட வனாமி. கூடையில் எல்லாமே ஒரே அளவில் அடுக்கி வைத்ததுபோல் இருந்தால் அது பெரும்பாலும் குளத்து இறால். தலையில் நீட்டிக்கொண்டிருக்கும் முள்ளையும் பாருங்கள். வனாமிக்கு முள் குட்டை, அடிப்புறத்தில் பெரும்பாலும் இரண்டு பல். நம் வெள்ளை இறாலுக்கு முள் நீளம், அடிப்புறத்தில் நான்கைந்து பல். வனாமி உண்பதில் தவறில்லை. வனாமி விலை கொடுத்து வாங்குங்கள், அவ்வளவுதான்.

சித்திரை, வைகாசியில் கொஞ்சம் கவனம் வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்குத் தடை. கடல்மீன் வரத்துக் குறைந்து விலை ஏறும்போது சந்தையின் பசி முழுவதும் கழியின் மேல் விழுகிறது. அப்போதுதான் சுண்டுவிரல் நீளத்துக் குஞ்சுகள் 'பொடி மீன்' என்று கூறு கட்டி வரும். நெத்திலி என்றால் வாங்குங்கள், அது வளர்ந்தும் அவ்வளவுதான். கூறில் மடவைக் குஞ்சும் கொடுவாக் குஞ்சும் கலந்திருந்தால் வேண்டாம். அந்த இரண்டு மாதமும் ஏரி விரால், கட்லா, ரோகு போதும்.

கொடுவாவுக்கு ஒரு தனிச் செய்தி. அது ஆணாகப் பிறந்து, சில ஆண்டுகள் வளர்ந்தபின் பெண்ணாக மாறும் மீன். ஆகவே கடையில் தொங்கும் ஐந்தாறு கிலோ கொடுவா பெரும்பாலும் முட்டையிடும் பெண்தான். விருந்துக்கு அவ்வளவு பெரியது வேண்டாம்; ஒரு கிலோவுக்குள் இருக்கும் வளர்ப்புக் கொடுவா வாங்குங்கள். 1987-இல் சென்னையில் தொடங்கிய மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் 1997-இல் கொடுவாவைச் சிறையிருப்பில் இனப்பெருக்கம் செய்யவைத்தது. அதன் பரிசோதனை நிலையம் முட்டுக்காட்டில் இருக்கிறது. இதே நிறுவனம் 2015-இல் பால்கெண்டையையும் பொரிக்கவைத்தது. பச்சை நண்டு வாங்கினால் புரட்டிப் பாருங்கள்: வயிற்று மடிப்பு கூராக ஒடுங்கியிருந்தால் ஆண், அகன்று வட்டமாக இருந்தால் பெண். ஆணை எடுங்கள். அடி ஓட்டை அழுத்தினால் அமுங்கக் கூடாது; அமுங்கினால் இப்போதுதான் சட்டை உரித்த நண்டு, உள்ளே சதைக்குப் பதில் நீர்தான் இருக்கும்.

"கடல் எங்கோ இருக்கிறது, செவிலிமேட்டில் இருந்துகொண்டு நான் இதற்கெல்லாம் என்ன செய்ய?" என்றும் கேட்டிருந்தீர்கள். கடல் அறுபது கிலோமீட்டருக்கு அப்பால்தான். ஆனால் உங்கள் தெருமுனையில் ஓடுகிற, அல்லது ஓடவேண்டிய ஆறு அந்தக் கடலுக்குத்தான் போகிறது. நந்தி மலையில் பிறந்து 348 கிலோமீட்டர் நடந்து, திருமுக்கூடலில் வேகவதியையும் செய்யாற்றையும் சேர்த்துக்கொண்டு, வயலூருக்கருகே கடலில் கலக்கிறது பாலாறு. அந்த வாயில் மணல்திட்டு வளர்கிறதா கரைகிறதா என்பதை ஆற்றின் தள்ளுவிசைதான் தீர்மானிக்கிறது. 2021 நவம்பர் வெள்ளத்தைப் பாலத்தில் நின்று பார்த்திருப்பீர்கள். அப்படிப்பட்ட வெள்ளம் நமக்கு இழப்பு. கழிக்கோ வாசல் திறக்கும் கை. ஆற்று மணலை அள்ளியும் நீரை உறிஞ்சியும் பாலாற்றைக் காயவைத்தபோது, யாரும் பார்க்காத அந்த முகத்துவாரத்தையும் சேர்த்தே காயவைத்தோம்.

மேல்பக்கம் தோல் பதனிடும் ஊர்களின் கழிவு பாலாற்றை என்ன செய்தது என்பதை உச்ச நீதிமன்றம் 1996-இல் வேலூர் மக்கள் தொடுத்த வழக்கில் விரிவாகச் சொல்லியது. நம் பங்கு சிறியது, ஆனால் அது சாயம். பட்டுக்குச் சாயம் ஏற்றிய பிறகு மிஞ்சும் நீர் எங்கே போகிறது என்று உங்கள் நூலுக்குச் சாயம் போடுபவரிடம் ஒருமுறை கேளுங்கள். தெருக் கால்வாய் வழியே வேகவதிக்கு என்றால், திருமுக்கூடல் வரைக்கும் அதற்குத் தடையில்லை. வீட்டில் கொஞ்சமாகச் சாயம் போடுபவர்கள் பட்டு சாயத்தை முழுக்க உறிஞ்சும் வரை காய்ச்சி, அளவாகக் கரைத்தாலே வெளியேறும் நிறம் வெகுவாகக் குறையும். வரதருக்காக ராமாநுஜர் சாலைக் கிணற்று நீரைச் சுமந்த கதையைக் கேட்டு வளர்ந்த ஊர் உங்களுடையது. நீரின் அருமையை நான் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

சேற்று வாடைக்கு வருகிறேன். ஜியோஸ்மினுக்குப் புளிப்பு ஆகாது. அமிலம் பட்டால் அதன் மணம் சிதைந்துவிடும். மடவையை ஆய்ந்ததும் கறுப்புத் தோலைக் கல்லுப்பால் உரித்தெடுங்கள். வயிற்றோரத்துக் கொழுப்புச் சதையை ஒரு விரற்கடை அளவுக்கு அறுத்துத் தள்ளுங்கள். வாடை அதிகம் தங்குவது அங்கேதான். துண்டுகளைப் புளித்த மோரில் மஞ்சள் சேர்த்து அரை மணி நேரம் ஊறவைத்து அலசுங்கள். புளியை வழக்கத்தைவிட ஒரு சுளை கூடுதலாகக் கரைத்து, குழம்பு நன்றாகக் கொதித்து எண்ணெய் பிரிந்த பிறகு மீனைப் போடுங்கள். இறக்கிவைத்து, அன்றிரவு யாருக்கும் பரிமாறாமல் மண்சட்டியிலேயே மூடி வையுங்கள். மறுநாள் காலை இட்லிக்கு முதல் கரண்டி மாமியாருக்கு.