கண்ணாடி ஏறவில்லை, வாரன்டியும் கிடையாதாம்!

கேள்வி: நான் அரசுப் பள்ளி ஆசிரியை. 22 மாதங்களுக்கு முன் திருச்சி ஷோரூம் ஒன்றில் 8 லட்சத்து 60 ஆயிரம் ரூபாய் கொடுத்துப் புதுக் கார் வாங்கினேன். வாரன்டி 3 வருடம். போன ஐப்பசி மழையில் டிரைவர் பக்கக் கண்ணாடி பாதி இறங்கியபடி நின்றுவிட்டது. சர்வீஸ் சென்டரில் இரண்டு முறை பார்த்துக் கொடுத்தார்கள். கொஞ்ச நாளில் மறுபடி அதே கதை. மூன்றாவது முறை போனபோது, "சுவிட்சுக்குள்ள தண்ணி போயிருக்கு மேடம். வெளியில ஸ்டீரியோ வேற மாட்டியிருக்கீங்க. வாரன்டி வராது, 11 ஆயிரம் ஆகும்" என்கிறார்கள். இன்ஷூரன்ஸிலும் கையை விரித்துவிட்டார்கள். காரையே மாற்றித் தரச் சொல்லி வழக்குப் போடலாமா? அதற்குத் திருச்சிக்கு அலைய வேண்டுமா?
- வாசகி, தஞ்சாவூர்

பதில்: வழக்குப் போடலாம். திருச்சிக்கு அலைய வேண்டாம். ஆனால் புதுக் கார் கேட்காதீர்கள்.

கடைசியில் சொன்னதற்கு முதலில் காரணம் சொல்லிவிடுகிறேன். கிளட்ச் கோளாறு தொடர்பான ஒரு வழக்கில் (மாருதி உத்யோக் எதிர் சுஷீல் குமார் கப்கோத்ரா, 2006) வண்டியையே மாற்றித் தரும்படி நுகர்வோர் ஆணையங்கள் போட்ட உத்தரவை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. பழுதான பாகத்தைச் சரிசெய்வோம் அல்லது மாற்றுவோம் என்பதுதான் வாரன்டியில் உள்ள வாக்குறுதி. அதைத் தாண்டி முழு வண்டியைக் கேட்க முடியாது என்றது. கிளட்சுக்கே அப்படியென்றால் ஜன்னல் கண்ணாடிக்கு யார் புதுக் கார் தருவார்கள்? பெரிதாகக் கேட்டு மனுவின் மதிப்பைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். பழுதை இலவசமாகச் சரிசெய்து தர வேண்டும், அலைச்சலுக்கும் மன உளைச்சலுக்கும் இழப்பீடு, வழக்குச் செலவு: இவ்வளவு போதும்.

இன்ஷூரன்ஸ்காரர் சொன்னது சரி. விபத்து இல்லாமல் தானாக ஏற்படும் இயந்திர, மின் பழுதை வழக்கமான கார் பாலிசி ஏற்காது. அவரோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

இனி விஷயத்துக்கு வருவோம். பவர் விண்டோ நின்றால் காரணம் நாலைந்து இடத்தில் இருக்கலாம். எல்லாக் கண்ணாடியும் ஒரே நேரத்தில் நின்றால் ஃபியூஸ் போயிருக்கலாம். மற்ற மூன்று மட்டும் வேலை செய்யவில்லை என்றால், டிரைவர் கதவிலுள்ள லாக் பட்டனைக் குழந்தைகள் யாரும் அழுத்திவிட்டார்களா என்று பாருங்கள். (அதற்கே நோட்டீஸ் அனுப்பச் சொல்லி என்னிடம் வருகிறவர்கள் உண்டு.) உங்களுக்கு ஒரு கண்ணாடி மட்டும் நின்றிருக்கிறது. சுவிட்சை அழுத்தும்போது கதவுக்குள் மோட்டார் ஓடும் சத்தம் கேட்டு, கண்ணாடி மட்டும் அசையவில்லை என்றால், கண்ணாடியைத் தூக்கி இறக்கும் ரெகுலேட்டரில் கேபிளோ பல்லோ போயிருக்கும். சத்தமே இல்லையென்றால் சுவிட்ச், மோட்டார், அல்லது கதவு திறந்து மூடும் இடத்தில் ரப்பர் குழாய்க்குள் மடங்கி மடங்கி அறுந்துபோகும் வயர். வக்கீலுக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்காதீர்கள். ஃபியூஸ், கண்ணாடி ஓடும் ரப்பர் போன்றவற்றைத் தேய்மானப் பொருள் என்று கழித்துவிடுவார்கள். சுவிட்சும் மோட்டாரும் ரெகுலேட்டரும் பொதுவாக வாரன்டிக்குள் வருபவை. எது பழுது என்று எழுத்தில் வாங்காமல் போனால், ஆணையத்தில் அவர்கள் தங்களுக்கு வசதியானதைச் சொல்வார்கள்.

உங்கள் கையில் உள்ள பலமான ஆதாரம் முதல் இரண்டு ஜாப் கார்டுகள். அப்போது தண்ணீர் பேச்சையும் ஸ்டீரியோ பேச்சையும் எடுக்காமல் இலவசமாகத்தானே பார்த்தார்கள்? மூன்றாவது முறை மட்டும் தண்ணீர் எங்கிருந்து வந்தது? வாரன்டி பொருந்தாது என்கிறவர்தான் அதற்கான காரணத்தைக் காட்ட வேண்டும். எந்த வயரை வெட்டி ஸ்டீரியோவுக்கு இழுத்திருக்கிறது, அதனால் கண்ணாடி எப்படி நின்றது என்று படத்தோடு எழுதித் தரச் சொல்லுங்கள். அந்த ஸ்டீரியோவையே ஷோரூமில்தான் மாட்டினீர்களா என்று பழைய பில்லையும் ஒருமுறை பாருங்கள். பல பேருக்கு அங்கேதான் மாட்டித் தருகிறார்கள்.

தண்ணீர் போனது வாடிக்கையாளரின் குற்றம் என்ற பேச்சை நான் ஏற்கமாட்டேன். மழைநாளில் டோல்கேட்டில் கண்ணாடியை இறக்கத்தான் செய்வோம். டிரைவர் கதவு சுவிட்சுக்குள் தண்ணீர் போய்ச் சூடேறித் தீப்பிடிக்கலாம் என்ற காரணத்துக்காகவே 2010 ஜனவரியில் ஹோண்டா நிறுவனம் உலகெங்கும் சுமார் 6 லட்சத்து 46 ஆயிரம் கார்களைத் திரும்ப அழைத்தது. 2012 அக்டோபரில் டொயோட்டா இதே சுவிட்சில் கிரீஸ் சரியாகத் தடவப்படாத குறைக்காக 74 லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகளை அழைத்தது. உங்கள் காரில் அதே குறை இருக்கிறது என்று இதற்கு அர்த்தமில்லை. சுவிட்சில் ஈரமோ சூடோ ஏறினால் அது தயாரிப்புக் குறையாகவும் இருக்கலாம் என்று வாதிட இவை உதவும்.

கண்ணாடி திறந்தபடியே ஓட்ட முடியாது என்றால், பணத்தைக் கட்டிச் சரிசெய்துகொள்ளுங்கள். ஆனால் பில்லிலும் ஜாப் கார்டிலும் "ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன்" என்று உங்கள் கையால் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். கழற்றிய பழைய சுவிட்சையும் மோட்டாரையும் கேட்டு வாங்குங்கள். காசு கொடுத்து மாற்றியதால் பழையது உங்களுடையது. பரிசோதனை தேவைப்பட்டால் ஆணையம் அதைத்தான் ஆய்வகத்துக்கு அனுப்பும். வெளி மெக்கானிக்கிடம் போய்விட்டால் இருக்கிற வாரன்டிக்கும் ஆபத்து.

2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நீங்கள் வசிக்கும் ஊரிலேயே புகார் செய்ய உரிமை தருகிறது. எனவே தஞ்சாவூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் போதும். கட்டணம் நீங்கள் கேட்கும் இழப்பீட்டை வைத்து அல்ல, காருக்குக் கொடுத்த விலையை வைத்து முடிவாகும். 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரை 200 ரூபாய். ஷோரூம், சர்வீஸ் சென்டர், தயாரிப்பு நிறுவனம் மூன்றையும் எதிர்தரப்பாகச் சேருங்கள். ஒருவரை விட்டால் மற்றவர் அவரைத்தான் கைகாட்டுவார். வக்கீல் நோட்டீஸ் சட்டப்படி கட்டாயமில்லை. ஆனாலும் 15 நாள் கெடு வைத்து ஒரு கடிதம் அனுப்புங்கள். பல நிறுவனங்கள் அந்தக் கட்டத்திலேயே இறங்கி வரும். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிந்துவையுங்கள்.

ஆணையத்தின் நோட்டீஸ் கிடைத்த 30 நாளில் எதிர்தரப்பு பதில் தர வேண்டும். கூடுதலாக 15 நாள் தரலாம், அதற்கு மேல் கிடையாது என்று 2020இல் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வே சொல்லியிருக்கிறது. வழக்கை 3 மாதத்தில், பரிசோதனை தேவைப்பட்டால் 5 மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் கூடுதலாகும் என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

புகார் செய்ய 2 வருடக் கெடு உண்டு. அது கார் வாங்கிய நாளிலிருந்து அல்ல, வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து ஓடும். உங்கள் விஷயத்தில் வாரன்டி தர மறுத்த நாள் என்று வாதிடலாம். அந்த மறுப்பு இதுவரை வாய்மொழியாகவே இருக்கிறது. இந்த வாரமே சர்வீஸ் சென்டருக்கு மின்னஞ்சல் அனுப்பி, மூன்று ஜாப் கார்டுகளின் நகலையும் மறுப்புக்கான காரணத்தையும் எழுத்தில் கேளுங்கள்.