கிடார் ஆம்ப்ளிஃபயருக்குப் புது ஸ்பீக்கர்

கிடார் ஆம்ப்ளிஃபயரின் ஸ்பீக்கர் கிழிந்துவிட்டதா? ஆவுடையார்கோவிலிலிருந்து அறந்தாங்கிக்குப் பஸ் ஏறும் முன் பவர் கார்டைக் கழற்றிவிட்டு, பழைய ஸ்பீக்கரின் பின்புறம் உள்ள எண்களைக் குறித்துக் கொள்ளுங்கள். அங்குல அளவு மாறக் கூடாது. வாட்ஸ் கூடுதலாக இருக்கலாம். முக்கியமானது ஓம். 8 ஓம் கேட்கும் டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயரில் 4 ஓம் கார் ஸ்பீக்கரை மாட்டினால் மின்னோட்டம் ஏறத்தாழ இரு மடங்காகி, அவுட்புட் டிரான்சிஸ்டர்கள் எரியலாம். 16 ஓம் என்றால் சத்தம்தான் குறையும். வால்வு ஆம்ப்ளிஃபயருக்கு இந்தச் சலுகை கிடையாது. ஓம் அப்படியே பொருந்த வேண்டும்.

எண் அழிந்திருந்தால் ஒயரைக் கழற்றி மல்டிமீட்டரில் பாருங்கள். 8 ஓம் ஸ்பீக்கர் சுமார் 6 என்றே காட்டும், அது பழுதல்ல.

கம்ப்யூட்டர் ஸ்பீக்கரின் துல்லியத்தை இதில் தேடாதீர்கள். கிடார் ஸ்பீக்கர் 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் அடங்கிவிடும். டிஸ்டார்ஷன் ஒலி காதைக் கிழிக்காமல் இருப்பது அதனால்தான்.