பாடம் 9: வாசற்கோலம்



சென்ற ஆண்டு ஆறாம் வகுப்பு மாணவி ஒருத்தி பழைய குறிப்பேடு ஒன்றைத் தமிழ் வகுப்பிற்குக் கொண்டு வந்தாள். நீல நிற அட்டை; ஓரமெல்லாம் எண்ணெய்க் கறை. தென்காசியில் இருக்கும் அவளுடைய ஆச்சி, தம் இளவயதில் கோலங்களை வரைந்து வைத்த ஏடு அது. ஆச்சி அடுத்த மாதம் இங்கு வரப்போகிறார் என்றும், அவர் வரும் நாளில் வீட்டு வாசலில் அவருடைய கோலத்தையே போட்டு வைக்க வேண்டும் என்றும் அந்த மாணவி விரும்பினாள். ஆனால் ஏட்டில் இருந்த படங்கள் பல மங்கிப் போயிருந்தன. படத்தின் கீழே எழுதியிருந்த குறிப்பு மட்டும் தெளிவாக இருந்தது. அதைப் படிக்க அவளால் இயலவில்லை. அவளுடைய தாயார் பிறந்து வளர்ந்ததும் இந்த வடமாநிலத்தில்தான். அவருக்கும் தமிழ் பேச வருமே தவிரப் படிக்க வராது.

“ஐயா, இதில் என்ன எழுதியிருக்கிறது?” என்று கேட்டாள்.

“ஊ.பு. 7 – 4” என்று எழுதியிருந்தது. எழுத்துகளை நான் படித்துவிட்டேன். பொருள்தான் விளங்கவில்லை. தமிழில் முதுகலைப் பட்டம் பெற்றவன். ஆயினும் நாற்பது வயதுவரை கோலப்பொடியைக் கையால் தொட்டதில்லை. எங்கள் வீட்டில் அம்மாவும் அக்காவும் கோலம் போட்டார்கள். நான் அதைத் தாண்டிக் குதித்துப் பள்ளிக்குச் சென்றேன். அவ்வளவே. இப்பாடத்தில் நீங்கள் கற்கப்போவதை அந்த மாணவியோடும் அவள் வகுப்புத் தோழர்களோடும் சேர்ந்துதான் நானும் கற்றேன். ஆண்பிள்ளைகள் இப்பாடத்தைப் புரட்டிவிட்டு அடுத்த பாடத்திற்குச் செல்ல வேண்டா.

முதலில் சொல்லைப் பார்ப்போம். கோலம் என்னும் சொல்லுக்கு அழகு, வடிவம், தோற்றம், ஒப்பனை எனப் பல பொருள்கள் உண்டு. மணமக்கள் இருப்பது மணக்கோலம். கோயிலில் இறைவன் காட்சி தருவது திருக்கோலம். வீட்டில் பொருள்கள் சிதறிக் கிடந்தால் ‘ஏன் இப்படி அலங்கோலமாகக் கிடக்கிறது?’ என்று அம்மா கேட்பார். தரையில் மாவினால் வரையும் வடிவத்திற்கும் அதே சொல்தான். வாசலுக்கு நாம் அணிவிக்கும் தோற்றம் அது.

இனி வேண்டிய பொருள்கள். வெண்ணிறக் கல்லைப் பொடித்துச் செய்த கோலப்பொடி தமிழ்நாட்டில் தெருவில் கூவி விற்கப்படும். நாம் வாழும் ஊர்களில் தீபாவளியை ஒட்டி ரங்கோலிப் பொடி கிடைக்கும். அப்போதே வாங்கி வைத்துக்கொள்ளலாம். கிடைக்காவிட்டால் அரிசி மாவு போதும். அதுவும் மிக மென்மையாக இருக்கக்கூடாது. சற்றே நரநரப்பாக இருந்தால்தான் விரல்களுக்கிடையே ஒட்டாமல் இறங்கும். கோதுமை மாவும் மைதாவும் இதற்கு உதவா. அரிசி மாவில் இட்ட கோலத்தை எறும்பும் அணிலும் உண்ணும். கல்மாவினால் எறும்புக்கு ஒரு பயனும் இல்லை.

கையைப் பழக்குவதே கடினமான பகுதி. பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே சிறிது பொடியை எடுத்து, விரல்களை மெல்லத் தேய்த்தபடி கையை நகர்த்த வேண்டும். கை தரையைத் தொடக்கூடாது. ஓர் அங்குல உயரத்தில் நிற்க வேண்டும். மெதுவாக நகர்த்தினால் கோடு தடிக்கும். விரைந்து நகர்த்தினால் மெலியும். தயங்கினால் அவ்விடத்தில் பொடி குவியும். என் முதற்கோடு மண்புழு ஊர்ந்த தடம் போல் இருந்தது. மாணவர்கள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஆகவே முதல் மூன்று நாள்கள் தரையில் போட வேண்டா. பழைய தட்டு ஒன்றில் உலர்ந்த மெல்லிய மணலைப் போட்டுக் கொண்டு, அதை விரலால் எடுத்துச் செய்தித்தாளின் மேல் நேர்கோடு இடுங்கள். பின் வளைகோடு, பின் வட்டம். மணலைத் திரும்பத் தட்டிலேயே கொட்டிக்கொள்ளலாம். கோட்டின் வழியை மனத்தில் பதிக்கச் சிலேட்டும் சுண்ணக்கட்டியும் போதும்.

அடுத்தது புள்ளி. புள்ளி வைக்கும் முறை இரண்டு. வரிசைகளில் உள்ள புள்ளிகள் ஒன்றுக்கு நேராக ஒன்று அமைந்தால் நேர்ப்புள்ளி. ஒரு வரிசையின் இரண்டு புள்ளிகளுக்கு ஊடே, அதாவது இடைவெளிக்கு எதிரே, அடுத்த வரிசையின் புள்ளி அமைந்தால் ஊடுபுள்ளி. இதனைச் சிலர் இடைப்புள்ளி என்றும் சந்துப்புள்ளி என்றும் வழங்குவர். ஆச்சியின் ஏட்டிலிருந்த ‘ஊ.பு.’ என்பதன் பொருள் இப்போது உங்களுக்கு விளங்கியிருக்கும். எங்களுக்கு அதனைக் கண்டுபிடிக்க இரண்டு நாள்கள் ஆயின. ஒரு மாணவனின் தாயார் கூறிய பிறகே அறிந்தோம்.

அறிந்த பின்னும் பிழை செய்தோம். ஏழு புள்ளி வைத்து, அதற்குமேல் ஊடே ஆறு, அதற்குமேல் ஐந்து, அதற்குமேல் நான்கு என வைத்து நிறுத்திவிட்டோம். ஏட்டிலிருந்த வடிவம் அதில் பாதிதான் வந்தது. மாணவி தென்காசிக்குத் தொலைபேசியில் பேசினாள். “கீழேயும் அப்படியே வைக்கணும் தாயி, அதையுமா எழுதுவாங்க?” என்றாராம் ஆச்சி. நடுவரிசை ஏழு, மேலே ஆறு, ஐந்து, நான்கு, கீழேயும் ஆறு, ஐந்து, நான்கு. ஆக 37 புள்ளிகள். ஆறு பக்கங்கள் கொண்ட வடிவம். எல்லார்க்கும் தெரியும் என்று கருதியதை ஆச்சி எழுதவில்லை. அவர் வாழ்ந்த தெருவில் அது எல்லார்க்கும் தெரிந்தும் இருந்தது.

நேர்ப்புள்ளியில் ‘5 – 1’ என்றால் நடுவரிசை ஐந்து. மேலும் கீழும் மூன்று. பின் மேலும் கீழும் ஒன்று. கூட்டிப் பாருங்கள், 13 வரும். இரு முனைகளிலும் ஒவ்வொன்றாகக் குறைவதால் ஐந்துக்குப்பின் மூன்று வருகிறது.

தொடங்குவோர்க்கு 37 புள்ளி வேண்டா. ஊடுபுள்ளி 3 – 2 போதும். நடுவில் மூன்று, மேலே இரண்டு, கீழே இரண்டு, ஏழே புள்ளிகள். நட்டநடுவில் உள்ள புள்ளியைச் சுற்றி ஆறு புள்ளிகள் நிற்கும். நடுப்புள்ளியிலிருந்து ஒவ்வொரு புள்ளிக்கும் இரண்டு வளைகோடுகளை இலைபோல் இடுக. ஆறிதழ்ப் பூ ஒன்று மலர்ந்துவிடும்.

இதில் கோடு புள்ளிகளை இணைக்கிறது. கோடு புள்ளியைத் தொடாமல் அதைச் சுற்றி வளைந்து செல்வது வேறொரு வகை. அதற்குச் சிக்குக்கோலம் என்று பெயர்; கம்பிக்கோலம் என்றும் கூறுவர். மிகச் சிறிய சிக்குக்கோலத்தை ஐந்து புள்ளிகளில் இடலாம். நேர்ப்புள்ளி 3 – 1 வைக்கவும். நடுவில் ஒன்று, அதன் நான்கு பக்கமும் ஒவ்வொன்று என அமையும்.

நடுப்புள்ளியின் இடப்பக்க மேல்மூலையில் கோட்டைத் தொடங்குக. நடுப்புள்ளிக்கும் மேற்புள்ளிக்கும் இடையே சாய்வாக ஏறி, மேற்புள்ளியின் வலப்பக்கமாகச் சென்று, அதன் தலைக்குமேல் வளைந்து, இடப்பக்கமாக இறங்குக. இறங்கும் கோடு, ஏறிய கோட்டைக் குறுக்காகக் கடந்து நடுப்புள்ளியின் வலப்பக்கத்திற்கு வரும். அங்கிருந்து நேரே வலப்புள்ளியின் அடிப்பக்கம் சென்று, அதைச் சுற்றி, மேற்பக்கமாகத் திரும்பி, வந்த கோட்டைக் கடந்து கீழே இறங்குக. பின்னர்க் கீழ்ப்புள்ளியின் இடப்பக்கம் இறங்கி, அடியில் வளைந்து, வலப்பக்கமாக ஏறிக் கடக்க வேண்டும். இறுதியாக இடப்புள்ளியின் மேற்பக்கம் சென்று, சுற்றி, அடிப்பக்கமாகத் திரும்பி வந்தால் தொடங்கிய இடத்தில் கோடு முடியும். கை எடுக்காமல், ஒரே கோட்டில் நான்கு இதழ்கள். வழி தவறினால் கோடு சேராது. நம்மை ஏமாற்ற அதற்குத் தெரியாது. முதலில் விரலால் காற்றில் வரைந்து பாருங்கள்.

கோடு எங்கே திரும்ப வேண்டும், எங்கே கடக்க வேண்டும் என்ற விதிகளைக் கணிதவியலாரும் ஆராய்ந்துள்ளனர். சென்னைக் கிறித்தவக் கல்லூரிப் பேராசிரியர் கிஃப்ட் சிரோமணியும் அவருடன் பணியாற்றியோரும் கோலத்தையும் கணினி மொழி இலக்கணத்தையும் இணைத்து 1974 ஆம் ஆண்டில் ஆய்வுக்கட்டுரை வெளியிட்டனர்.

பொடிக்கோலம் காற்றில் கலையும். வீட்டிற்குள்ளும் விழா நாள்களிலும் இடுவதற்கு ஏற்றது மாக்கோலம். ஒரு கைப்பிடி பச்சரிசியை இரண்டு மணி நேரம் ஊறவைத்து, நீர்விட்டு மையாக அரைத்துக்கொள்ள வேண்டும். பாலைவிடச் சற்றுக் கெட்டியாக இருக்கும்படி கரைக்கவும். சிறிய பருத்தித் துணியை அதில் நனைத்து உள்ளங்கையில் பிடித்து, மெல்ல அழுத்தினால் மாவு மோதிரவிரல் வழியே வழியும். அந்த விரலே எழுதுகோல். இங்கே ஓர் எச்சரிக்கை. ஈரமாக இருக்கும்போது கோடு சரியாகத் தெரியாது. ‘விழவில்லையே’ என்று எண்ணி அதன்மேலேயே மீண்டும் மீண்டும் இழுத்தால், உலர்ந்தபின் கயிறு போலத் தடித்து நிற்கும். ஒரு முறை இட்டுவிட்டுப் பொறுத்திருங்கள்; சிறிது நேரத்தில் வெண்மை தானே எழும். ஓரத்தில் காவிக்கட்டியை நீரில் கரைத்துச் செந்நிறக் கரை கட்டினால் வெண்மை இன்னும் எடுப்பாகத் தோன்றும்.

நம்மில் பெரும்பாலோர் அடுக்குமாடிக் குடியிருப்பில் வாழ்கிறோம். மூன்றாம் மாடியில் வாசல் என்பது நான்கு அடி அகலப் படிக்கட்டு மேடை. அதுவும் பலர்க்குப் பொதுவானது. நான் என் கதவின்முன் முதன்முதலில் இட்ட கோலத்தைக் கூட்டிப் பெருக்க வந்த அம்மையார், யாரோ மாவைக் கொட்டிவிட்டார்கள் என்று எண்ணி ஈரத்துணியால் துடைத்துவிட்டார். அவர்மேல் குறையில்லை, என் கோலம் அப்படித்தான் இருந்தது. ஆகவே அண்டை வீட்டாரிடம் சொல்லிவிட்டு, நடக்கும் வழியை விட்டு ஒதுங்கி, கதவின் ஓரமாகச் சிறிதாக இடுங்கள். வழவழப்பான தரையில் பொடி வழுக்கும். முதியோர் நடக்கும் இடத்தில் வேண்டவே வேண்டா. இல்லையேல் இரண்டடிச் சதுரப் பலகை ஒன்றிற்குக் கறுப்பு அல்லது செங்காவி வண்ணம் பூசி, அதன்மேல் மாக்கோலம் இட்டுக் கதவருகே சாய்த்து வைக்கலாம். வாடகை வீட்டாருக்கு இது மிகவும் ஏற்றது. வீடு மாறும்போது வாசலையும் எடுத்துச் செல்லலாம்.

அண்டை வீட்டாரிடம் சொல்லும்போது அவர்கள் வீட்டு வழக்கத்தையும் கேளுங்கள். வங்காளத்தார் அரிசி மாவுக் கரைசலால் அல்பனா இடுவர். ஒடிசாவில் அதற்கு ஜோட்டி என்று பெயர்; மிதிலையில் அரிபன். இராஜஸ்தானத்தார் செங்காவி மெழுகிய தரையில் வெண்சுண்ணத்தால் மாண்டனா வரைவர். மகாராட்டிரத்தில் ரங்கோலி, ஆந்திரத்தில் முக்கு, கேரளத்தில் ஓணத்திற்குப் பூக்களம். என் மாடியில் இருக்கும் வங்காளப் பெண்மணி மோதிரவிரலால் கோடு இழுப்பதைக் கண்டு, ‘இது எங்கள் முறையாயிற்றே’ என்று எண்ணினேன். அவரும் என்னைக் கண்டு அவ்வாறே எண்ணியிருக்கக்கூடும்.

ஆச்சி வந்த நாள் தை மாதக் குளிர்நாள். பனிமூட்டத்தில் தொடர்வண்டி ஐந்து மணி நேரம் தாமதம். அதற்குள் யாரும் மிதித்துவிடக்கூடாதே என்று அந்த மாணவி வாசலிலேயே நாற்காலி போட்டு அமர்ந்திருந்தாளாம். ஆச்சி வந்து, கோலத்தைக் குனிந்து பார்த்து, முதலில் சொன்னது பாராட்டன்று. “மூணாவது வரிசையில ஒரு புள்ளி தள்ளிப்போச்சு” என்றாராம். பிறகு பையை வைத்துவிட்டு, முழங்காலிட்டு அமர்ந்து, அந்தப் புள்ளியை விரலால் துடைத்து, சரியான இடத்தில் வைத்தாராம். மறுநாள் காலை இருவரும் சேர்ந்து இட்ட கோலத்தின் படத்தை அவள் எனக்குக் காட்டினாள். புள்ளிகள் எல்லாம் நேராக இருந்தன.

சொல்லும் பொருளும்
ஊடே – இடையே
அங்குலம் – ஓர் அடியில் பன்னிரண்டில் ஒரு பங்கு
எடுப்பாக – கண்ணைக் கவரும்படி
காவி – செம்மண் நிறம்
தொடர்வண்டி – இரயில்
ஆச்சி – பாட்டி (தென்மாவட்ட வழக்கு)

சொற்களைச் சேர்த்தல்
வாசல் + கோலம் = வாசற்கோலம்
மா + கோலம் = மாக்கோலம்
கோலம் + பொடி = கோலப்பொடி
இவற்றைப் போலவே சேர்த்து எழுதுக: வாசல் + படி, புள்ளி + கோலம், மணம் + பந்தல்.

பயிற்சி
1. ‘ஊ.பு. 5 – 3’ என்னும் குறிப்பிற்கு எத்தனை புள்ளிகள் வேண்டும்? வைத்துக் காட்டுக.
2. ஆச்சி பேசிய இரண்டு தொடர்களையும் எழுத்து வழக்கில் மாற்றி எழுதுக.
3. ஒரு வரிசைக்கு மூன்றாக இரண்டு வரிசை நேர்ப்புள்ளி வைத்து, அடுத்தடுத்த புள்ளிகளின் இடைவெளி ஒவ்வொன்றிலும் கோடுகள் கடக்குமாறு சிக்குக்கோலம் இடுக. ஒரே கோட்டில் முடியும். பின் மூன்று வரிசை வைத்து இடுக. இப்போது எத்தனை தனிக்கோடுகள் வருகின்றன?
4. கோலக் குறிப்பேடு உங்கள் வீட்டிலோ உறவினர் வீட்டிலோ உள்ளதா? அதிலிருந்து ஒரு பக்கத்தைக் குறிப்புடன் படியெடுத்து வருக. ஏடு இல்லையெனில், பாட்டியிடமோ அத்தையிடமோ தொலைபேசியில் ஒரு கோலத்தைச் சொல்லச் சொல்லிக் கேட்டு, அவர் சொன்னபடியே தமிழில் எழுதுக. அவர் சொல்லாமல் விட்டது எதுவெனக் கண்டறிந்து, அதையும் சேர்த்து எழுதுக.