தண்ணீர் பாட்டிலில் தண்ணீரே இருக்கட்டும்

(பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி)



“சுத்தம் சோறு போடும்” என்று நம் பெரியோர் சொல்வார்கள். வீட்டைப் பெருக்கி, பாத்திரம் துலக்கி, துணிமணிகளை மடித்து அடுக்கிவிட்டால் சுத்தம் முடிந்தது என்றே நானும் எண்ணியிருந்தேன். சென்ற ஆண்டு பொங்கலுக்கு முந்திய வாரத்தில் அந்த எண்ணம் மாறியது. அன்று நடந்ததைச் சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆயினும் என் தவறு இன்னொரு வீட்டில் நடவாமல் தடுக்க உதவுமானால், அந்த வெட்கம் பெரிதன்று.

எங்கள் வீட்டில் நடந்தது

பொங்கலுக்காக வீட்டை ஒதுக்கி வெள்ளையடித்தோம். வாசல் கம்பிக் கதவுக்குப் பெயிண்ட் அடித்தவர், மீதமிருந்த தின்னரை ஒரு தகர டப்பாவில் வைத்துவிட்டுப் போனார். டப்பாவின் அடியில் கசிவு இருந்தது. வீணாகிவிடக் கூடாதே என்று, காலியாகக் கிடந்த ஒரு தண்ணீர் பாட்டிலில் அதை ஊற்றி, இறுக மூடி, அடுப்படி ஜன்னலில் வைத்தேன். “பிள்ளைக்கு எவ்வளவு பொறுப்பு!” என்று ஆச்சிகூட மெச்சினார்கள்.

மறுநாள் மத்தியானம் ஐந்து வயதுத் தம்பி விளையாடிவிட்டு வியர்க்க விறுவிறுக்க ஓடி வந்தான். ஜன்னலில் தண்ணீர் பாட்டில். எடுத்தான், திறந்தான், ஒரு வாய் குடித்துவிட்டான். அடுத்த நொடியே இருமினான், மூச்சுத் திணறினான். வாயெல்லாம் பெயிண்ட் வாடை. ஆச்சி பதறிப்போய், வாந்தி எடுக்க வைப்பதற்காக உப்புத் தண்ணீர் கரைக்கத் தொடங்கினார்கள்.

சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு அத்தை ஓடி வந்தார்கள். அவர்கள் நர்ஸ் வேலை பார்ப்பவர்கள். “வேண்டாம் ஆச்சி, வாந்தி எடுத்தா இன்னும் ஆபத்து. உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க. அந்தப் பாட்டிலையும் கையிலே எடுத்துக்கோங்க” என்றார்கள்.

இரண்டு இரவுகள் தம்பியை ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்தார்கள். நுரையீரலுக்குக் கேடு எதுவும் வரவில்லை என்று தெரிந்த பிறகே வீட்டுக்கு அனுப்பினார்கள். “இதை யார் இந்தப் பாட்டில்ல ஊத்தி வச்சது?” என்று டாக்டர் கேட்டார். அம்மா என் பக்கம் திரும்பவில்லை. ஆனால் என்னால் தலை நிமிர முடியவில்லை.

வாந்தி எடுக்க வைப்பது ஏன் தவறு?

மண்ணெண்ணெய், தின்னர், டர்பன்டைன் போன்றவை தண்ணீரைப் போல் நீர்த்தவை, எளிதில் பரவுபவை. இவை வயிற்றில் செய்யும் கேட்டைவிட நுரையீரலில் செய்யும் கேடு பெரிது. வாந்தி எடுக்கும்போது தொண்டைவரை வரும் திரவத்தில் சில துளிகள் மூச்சுக்குழாயில் இறங்கினாலும் போதும், நுரையீரல் புண்ணாகிக் கடும் காய்ச்சலும் மூச்சுத் திணறலும் வரும். ஆசிட் குடித்துவிட்டால் காரணம் வேறு. கீழே இறங்கும்போது தொண்டையைச் சுட்ட ஆசிட், மேலே வரும்போது மறுபடியும் சுடும். ஆகவே இரண்டிலுமே விரலை விட்டோ, உப்புத் தண்ணீர் கொடுத்தோ வாந்தி எடுக்கச் செய்யக் கூடாது.

ஊரறிந்த இரண்டு துயரங்கள்

இப்படிப்பட்ட தவறு எங்கள் வீட்டில் மட்டும் நடந்ததன்று. 1958-ஆம் ஆண்டு ஏப்ரல், மே மாதங்களில் நம் அண்டை மாநிலமான கேரளத்திலும் அன்றைய சென்னை மாநிலத்திலும் நூற்றுக்கும் மேற்பட்டோர் நஞ்சுண்டு இறந்தனர். அவர்கள் உண்டது அன்றாட உணவுதான். கோதுமை மாவு போன்ற உணவுப் பொருள்களை ஏற்றிய கப்பலிலேயே ‘பாரத்தியான்’ என்னும் பூச்சிமருந்தும் ஏற்றப்பட்டிருந்தது. அது கசிந்து உணவில் கலந்துவிட்டது. அதனை ஆராய நீதிபதி ஷா தலைமையில் விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. அதன் பின்னரே 1968-இல் நம் நாட்டில் பூச்சிமருந்துச் சட்டம் பிறந்தது.

ஜூலை 16 என்றால் தமிழ்நாட்டில் உள்ளோர்க்குக் கும்பகோணம் நினைவுக்கு வரும். 2004-ஆம் ஆண்டு அந்நாளில், ஒரு பள்ளியின் சமையற்கூடத்தில் பற்றிய நெருப்பு கூரைக்குத் தாவி 94 குழந்தைகள் மாண்டனர். அதே ஜூலை 16-ஆம் நாள், 2013-ஆம் ஆண்டு, பீகார் மாநிலம் சரண் மாவட்டத்தில் ஒரு கிராமப் பள்ளியில் மதிய உணவு உண்ட 23 குழந்தைகள் இறந்தனர். சமைத்த எண்ணெயில் ‘மோனோகுரோட்டோபாஸ்’ என்னும் பூச்சிமருந்து கலந்திருந்ததைச் சோதனைச்சாலை கண்டது. முன்பு அந்த மருந்து இருந்த கலத்தில் எண்ணெய் வைக்கப்பட்டிருந்ததாக விசாரித்தவர்கள் கூறினர்.

தோழியரே, கப்பலில் நிகழ்ந்தது பக்கம் மாறியதால். பீகாரில் நிகழ்ந்தது கலம் மாறியதால். எங்கள் அடுப்படியில் நிகழ்ந்ததும் அதுவே. ஒன்று பெரியது, ஒன்று சிறியது. ஆனால் தவறு ஒன்றுதான்.

அஞ்சறைப் பெட்டி கற்பிக்கும் பாடம்

நம் பாட்டிமார் இதனை அறியாதவர்கள் அல்லர். நெல்லுக்குக் குலுக்கை, ஊறுகாய்க்குச் சாடி, கருப்பட்டிக்கு ஓலைப்பெட்டி, வெண்ணெய்க்கு உறி, கடுகுக்கும் சீரகத்துக்கும் அஞ்சறைப் பெட்டி என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் இடமும் ஒரு கலமும் வைத்திருந்தார்கள். இருட்டில் கையை நீட்டினாலும் வேண்டியது கிடைத்தது. விளக்குக்கான மண்ணெண்ணெய் குடிதண்ணீர்ப் பானையின் பக்கத்தில் வந்ததில்லை.

இன்றைய நிலை வேறு. எதை வாங்கினாலும் பிளாஸ்டிக் பாட்டில்தான். குடிதண்ணீர், கலர், நல்லெண்ணெய், பினாயில், ஆசிட் எல்லாம் ஒரே உருவில் வருகின்றன. சைக்கிளில் கொண்டுவந்து விற்கும் பினாயிலும் ஆசிட்டும் பழைய கலர் பாட்டிலிலேயே வருவதுண்டு. மஞ்சள் நிற ஆசிட்டைப் பார்க்கும் குழந்தைக்கு எலுமிச்சம் சாறாகத் தோன்றாதா? தண்ணீரில் கரைத்த வெள்ளைப் பினாயில் பாலாகத் தோன்றாதா? எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரியாத குழந்தை, பாட்டிலின் உருவத்தைத்தான் வாசிக்கிறது.

நம் ஊருக்கு இன்னொரு காரணமும் உண்டு. குற்றாலம் சீசன் வந்துவிட்டால் நம் வீடுகளில் விருந்தாளிகளுக்குக் குறைவிராது. ‘ஜன்னலில் இருப்பது ஆசிட்’ என்று வீட்டார் அனைவர்க்கும் தெரியும். மதுரையிலிருந்து வந்த சித்தி பிள்ளைக்கு எப்படித் தெரியும்? வீட்டார் நினைவில் மட்டும் இருக்கும் பெயர் போதாது. அது பாட்டிலின் மேலும் இருக்க வேண்டும்.

சேரக் கூடாத இரண்டு

சுத்தம் செய்யும் பொருள்களுக்குள்ளும் சேரக் கூடாதவை உண்டு. பிளீச்சிங் பவுடரைப் போட்டுத் தேய்த்துப் பார்த்துவிட்டு, கறை போகவில்லை என்று அதன்மேல் ஆசிட்டையும் ஊற்றுபவர்கள் உண்டு. இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வெளிவரும். முதல் உலகப் போரில், 1915 ஏப்ரல் 22-ஆம் நாள், பெல்ஜியம் நாட்டின் ஈப்பர் நகருக்கு அருகே ஜெர்மானியப் படையினர் எதிரிகள்மேல் ஏவிய நச்சுவாயு இதுவே. போர்க்களத்தில் திறந்த வெளி. நம் கழிப்பறையிலோ ஒரு சிறு ஜன்னல்தான். ஆகவே ஒரு நேரத்தில் ஒன்றையே பயன்படுத்த வேண்டும். கண் எரிந்து இருமல் வந்தால், கதவைத் திறந்து விட்டு உடனே வெளியே வந்துவிட வேண்டும்.

சாரல் காலத்தில்

ஜூன் முதல் செப்டம்பர் வரை சாரல் அடிக்கும்போது நம் வீடுகளில் உப்பு நீர்க்கும், தீப்பெட்டி நமுக்கும், டிரங்குப் பெட்டித் துணியில் பூஞ்சை படரும். துணிகளுக்கு இடையே பாச்சா உருண்டை போடுகிறோம். அது குழந்தைக்கு மிட்டாய். சில சமயம் பெரியவர்களுக்கே கற்பூரம். விழுங்கினால் நஞ்சு. சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே உள்ள ஒரு குறையினால், அந்த வாடை ஏறிய துணியை அணிவித்தாலே இரத்தச் சிவப்பணுக்கள் சிதைந்துவிடும். ஆகவே பச்சிளங் குழந்தையின் துணியில் அதனைப் போடவே கூடாது. பெட்டியிலிருந்து எடுத்த மற்றத் துணிகளையும் துவைத்து, வெயிலில் உலர்த்திய பின்னரே உடுத்த வேண்டும்.

குளிருக்காக ஜன்னல்களைச் சாத்தி வைப்பதும் இக்காலத்தில்தான். சமையல் வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாமல் தரையில் தங்கும். அதற்கு இயல்பாக வாடை கிடையாது. நாம் அறிந்துகொள்வதற்காகவே வாடையுள்ள பொருளைக் கலக்கிறார்கள். வாடை வந்தால் விளக்குச் சுவிட்சைப் போடவோ அணைக்கவோ கூடாது. ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னல்களைத் திறந்து, வெளியே வந்து 1906 என்ற எண்ணை அழைக்க வேண்டும்.

நாம் செய்யக் கூடியவை

நம் தென்காசி மாவட்டம் உழவர் மாவட்டம். புளியங்குடி எலுமிச்சையும் ஆலங்குளம், பாவூர்சத்திரம் காய்கறிகளும் பெயர் பெற்றவை. ஆகவே பல வீடுகளில் பூச்சிமருந்தும் இருக்கும். அதனையும் மனத்திற் கொண்டு பின்வருவனவற்றைச் செய்வோம்.

1. மருந்து, ஆசிட், பினாயில், தின்னர், பூச்சிமருந்து எதனையும் வாங்கிய கலத்திலிருந்து மாற்றக் கூடாது. கலம் கசிந்தால், உணவுக்கோ தண்ணீருக்கோ பயன்படாத கலத்தில் ஊற்றி, பெரிய எழுத்தில் பெயர் எழுதி ஒட்ட வேண்டும்.

2. இவற்றை அடுப்படியில் வைக்கலாகாது. குழந்தையின் கைக்கு எட்டாத உயரத்தில், பூட்டிய அலமாரியில் வைக்க வேண்டும். பூச்சிமருந்தை வீட்டுக்கு வெளியே தனியறையில் பூட்டி வைப்பது நன்று.

3. பூச்சிமருந்துப் பாட்டிலில் உள்ள சாய்சதுரக் குறியைப் பார்க்கப் பழக வேண்டும். அதன் கீழ்ப்பாதி சிவப்பாக இருந்தால் மிகக் கொடிய நஞ்சு. மஞ்சள், நீலம், பச்சை என்று வரிசையாகக் கடுமை குறையும். பச்சையும் குடிக்கத் தக்கதன்று.

4. காலியான பூச்சிமருந்துக் கலத்தை எவ்வளவு கழுவினாலும் எண்ணெய்க்கோ தண்ணீருக்கோ ஆகாது. ஓட்டை போட்டு விட வேண்டும்.

5. எவரேனும் நஞ்சைக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காமல் 108-ஐ அழைக்க வேண்டும். பாட்டிலையும் உடன் கொண்டுபோக வேண்டும். என்ன மருந்து கொடுப்பது என்பதற்கு டாக்டருக்கு அது உதவும். கண்ணில் பட்டால் சுத்தமான தண்ணீரால் கால் மணி நேரமாவது விடாமல் கழுவ வேண்டும்.

முடிவுரை

இதற்குப் பணச் செலவு அதிகமில்லை. ஒரு பூட்டு, சில துண்டுத் தாள்கள், ஒரு பேனா, ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். எங்கள் வீட்டில் நானும் அம்மாவும் அப்படி ஒரு நாள் உட்கார்ந்து பார்த்தபோது, பெயர் இல்லாத பாட்டில்கள் ஏழு கிடைத்தன. அவற்றில் இரண்டில் என்ன இருந்தது என்று எங்கள் எவர்க்கும் தெரியவில்லை. உங்கள் வீட்டிலும் இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு முறை எண்ணிப் பாருங்கள். பெற்றோரையும் அழைத்துக்கொள்ளுங்கள்.

தம்பி இப்போது நலமாக இருக்கிறான். முன்போலவே தெருவெல்லாம் ஓடுகிறான். ஆனால் தண்ணீர் கொடுத்தால் முதலில் முகர்ந்து பார்க்கிறான், பிறகுதான் குடிக்கிறான். அக்கா என்று நம்பி, நான் நீட்டும் பாட்டிலையும் அவன் முகர்ந்துதான் பார்க்கிறான். எந்தத் தம்பிக்கும் தங்கைக்கும் இந்தப் பழக்கம் வேண்டியிராத வீடாக நம் வீடுகளை வைத்துக்கொள்வோமாக!