வாடிய பூவும் விதைப் பூவும்

வீட்டுக் கொல்லையில் பூச்செடி வைத்திருக்கும் அங்கத்தினர் பலர், வாடிய பூக்களைக் கிள்ளி எறிவது நலமா, விதைக்காகச் செடியிலேயே விட்டுவைப்பது நலமா என்று ஐயுறுகின்றனர். இரண்டும் வேண்டியவையே. ஆனால் எந்தப் பூவைக் கிள்ளுவது, எதை விடுவது என்பதில்தான் பெரும்பாலான வீடுகளில் முறை தலைகீழாக நடைபெறுகிறது. துலுக்கச் சாமந்தி என்றும் கேந்தி என்றும் பல பெயரால் வழங்கும் செண்டுமல்லியைக் கொண்டு இதனை ஆராய்வோம்.

செடி பூப்பது நமக்காக அன்று, விதைக்காக. பூவின் அடியில் விதை பிடிக்கத் தொடங்கியதும், இலைகள் ஆக்கும் உணவில் பெரும் பகுதி அதனை நாடிச் செல்கிறது. புது மொட்டுகள் குறைகின்றன. நிறைய விதை முற்றிவிட்டால், ஓராண்டுப் பயிராகிய செண்டுமல்லி விரைவில் பழுத்துக் காயும். வாடியதை உடனுக்குடன் நீக்கினாலோ மீண்டும் மீண்டும் மொட்டு விடும். நீக்கும்போது இதழை மட்டும் பிடுங்கினால் பயனில்லை. விதை உருவாகும் இடம், இதழுக்குக் கீழே பச்சைக் கிண்ணம்போல் உள்ள பகுதி. ஆகையால் காம்போடு, அடுத்த இலைக் கணுவுக்குச் சற்று மேலே கிள்ள வேண்டும். மாலைக்கும் பூசைக்கும் நாள்தோறும் பூப்பறிக்கும் வீட்டில் இவ்வேலை தானாகவே நடந்துவிடுகிறது.

தொல்லையும் அங்கேதான் தொடங்குகிறது. நல்ல பூவெல்லாம் பறிபோன பின் விதைக்கு நிற்பவை எவை? இலை மறைவில் கண்ணுக்குத் தப்பியவை, புழு அரித்தவை, பறிக்கத் தகாதென விட்ட ஒற்றைப் பூக்கள், செடி வற்றும் காலத்தில் மலர்ந்த சிறு பூக்கள். இவற்றின் விதையைத் துணியில் முடிந்து வைத்து மறு வருடம் தூவுகிறோம். போதாக்குறைக்கு, அடுக்கு மிகுந்த பூவில் விதை குறைவாகவும் ஒற்றைப் பூவில் மிகுதியாகவும் பிடிப்பது இயல்பு. சில ஆண்டுகளில் பந்துபோன்றிருந்த பூ சிறுத்து, இதழ் மெலிந்து, மாலைக்கு உதவாமற் போகிறது. மண் கெட்டுவிட்டது என்கிறோம். மண் செய்த குற்றம் அன்று. நெல்லில் நல்ல கதிராகப் பார்த்து விதைக்கு ஒதுக்கும் உழவர், பூவில் மட்டும் கழிசலை விதையாக்குவது வியப்பே.

ஆதலால் பூக்கத் தொடங்கிய நாட்களிலேயே விதைச் செடியைத் தெரிந்தெடுக்க வேண்டும். ஒரு பெரிய பூவைக் கண்டு மயங்கலாகாது; செடி முழுவதையும் பார்க்க வேண்டும். கிளை நிறைந்து, நோயின்றி, எல்லாப் பூவும் ஒரே சீராக உள்ள செடிகள் நான்கைந்தை அடையாளமிடுக. தறி வீட்டில் கழிவு நூலுக்குப் பஞ்சமில்லை. நிறமுள்ள நூலொன்றைக் கிளையில் தளரக் கட்டினால் போதும். செடி ஒன்றுக்கு நான்கைந்து நல்ல பூக்களை மட்டும் விட்டு, மற்றவற்றை வழக்கம்போல் பறிக்கலாம். நூல் கட்டிய பூவைப் பறிக்கலாகாதென்று வீட்டிலுள்ள குழந்தைகளுக்கும் சொல்லிவைப்பது அவசியம்! ஒற்றைப் பூச்செடிகளை முதற்பூவிலேயே கண்டு பிடுங்கிவிடுக. தேனீ மகரந்தத்தைச் செடிக்குச் செடி கொண்டு சேர்ப்பதால், அவை அருகில் நின்றாலே விதை கலந்துவிடும். வேலிக்கு அப்பாலுள்ள செடிக்கு நாம் செய்யத்தக்கது, அண்டை வீட்டாருக்கும் நல்ல விதை கொடுப்பதே.

பூ விரிந்து விதை முற்ற ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். கிண்ணம் பழுப்பேறிக் காய்ந்ததும் வெயில் நாளில் கொய்க. ஐப்பசி, கார்த்திகை மழையில் அகப்பட்டால் பூ நனைந்து உள்ளேயே அழுகும். கருத்துத் திரண்டிருப்பது நல்ல விதை. வெளுத்துச் சப்பையாயிருப்பது பதர். நிழலில் ஒரு வாரம் உலர்த்திக் காகிதத்தில் பொதிந்து, அடியில் உலர்ந்த சாம்பலிட்ட டப்பாவில் இறுக மூடி வைக்கலாம். அடுத்த பருவத்திலேயே விதைத்துவிடுவது நன்று. விதைக்குமுன் 20 விதைகளை ஈரத்துணியில் வைத்துப் பார்க்க. ஒரு வாரத்தில் 15க்கு மேல் முளைத்தால் குறையில்லை. 10 மட்டுமே முளைத்தால் இரட்டிப்பாக விதைக்க வேண்டும்.

கடையில் வாங்கிய வீரிய ஒட்டு ரகத்தில் இவ்வுழைப்பு வீண். அதன் விதை தாய்ச்செடியைப்போல் வாராது. ஆயுத பூசை மாலையை உதிர்த்துத் தூவுவதும் இத்தகையதே; அம்மாலையிலுள்ள விதைகள் பெரும்பாலும் முற்றாதவை. இந்திய வேளாண்மை ஆராய்ச்சிக் கழகம் வெளியிட்ட பூசா நாரங்கி கேந்தா, பூசா பசந்தி கேந்தா போன்றவை ஒட்டு ரகங்கள் அல்ல. இவற்றில் விதை எடுக்கலாம்.

கோழிக்கொண்டைக்கு இந்தச் சிக்கலே இல்லை. கொண்டை நிறம் மங்காமலிருக்கும்போதே அதன் கீழ்ப்பக்கங்களில் கரிய விதை முற்றிவிடும். காகிதத்தின்மேல் தட்டினால் உதிரும். காசித்தும்பைக் காய் தொட்டவுடன் வெடிக்குமாதலால், மஞ்சளிக்கத் தொடங்கும்போதே மெல்லிய துணிப்பையில் பறிக்க வேண்டும். கனகாம்பரக் கதிரைக் காய்ந்தபின் விட்டுவைத்தால், ஒரு மழைத்துளியில் வெடித்து விதை சிதறிவிடும். டெல்லிக் கனகாம்பரமோ விதையே பிடிப்பதில்லை. குச்சி நட்டே அதனைப் பெருக்க வேண்டும். ஆகையால் பூ முடிந்த கதிர்களைத் தயங்காமல் வெட்டிவிடலாம்.