தலையில் நீர் கோர்க்கிறதா?

தலைக்குக் குளித்துவிட்டுச் சரியாகத் துவட்டாவிட்டால் நீர் கோர்த்துக்கொள்ளும், அதுவே பிறகு சைனஸாக முற்றிவிடும் என்று தமிழ்நாட்டில் நம்பாத வீடு குறைவு. சளி பிடித்த பிள்ளையை வாரக்கணக்கில் தலைக்குக் குளிக்கவிடாமல் வைத்திருப்பதும் இந்த நம்பிக்கையால்தான்.

உச்சந்தலையில் ஊற்றிய தண்ணீர் மூக்குக்குள் போவதற்கு உடலில் வழியே கிடையாது. கன்னம், நெற்றி, மூக்கின் இருபுறம் ஆகிய இடங்களில் எலும்புக்குள் இருக்கும் காற்றறைகள்தான் சைனஸ்கள். அவற்றின் சிறிய வாசல்கள் மூக்குக்குள் திறக்கின்றன. வைரஸாலோ ஒவ்வாமையாலோ மூக்கின் சவ்வு வீங்கி அந்த வாசல்கள் அடைபட்டால், உள்ளே சுரக்கும் கோழை வடிய முடியாமல் தேங்கும். குனிந்தால் தலை பாரமாக இருப்பது அதனால்தான். அது உடல் தானே சுரந்த நீர்.

அப்படியானால் குளிருக்கும் சளிக்கும் தொடர்பே இல்லையா? இங்கிலாந்தின் சாலிஸ்பரி நகருக்கு அருகில் 1946-இல் சளிக்கென்றே ஓர் ஆய்வு மையம் தொடங்கப்பட்டு, நாற்பது ஆண்டுகளுக்கும் மேல் இயங்கியது. தன்னார்வலர்களை அங்கே தங்கவைத்து மூக்கில் வைரஸை விட்டுப் பார்த்தார்கள். சிலரைக் குளிக்கவைத்து, துவட்டவிடாமல், காற்று வீசும் நடைபாதையில் நடுங்க நிற்கவைத்தார்கள். ஈரக் காலுறையோடும் இருக்கச் செய்தார்கள். வைரஸ் கொடுக்காமல் வெறுமனே நடுங்கியவர்களுக்குச் சளி பிடிக்கவில்லை.

கதை அங்கே முடிந்துவிடவும் இல்லை. 2005-இல் கார்டிஃப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 90 பேரின் கால்களைக் குளிர்ந்த நீரில் 20 நிமிடம் வைத்திருக்கச் சொன்னார்கள். அடுத்த சில நாட்களில் அவர்களில் 13 பேர் சளி பிடித்திருப்பதாகச் சொன்னார்கள். கால் நனைக்காத 90 பேரில் 5 பேர்தான் அப்படிச் சொன்னார்கள். சளியை உண்டாக்கும் ரைனோவைரஸ் 37 டிகிரியைவிட மூக்கின் வெப்பநிலையான 33 டிகிரியில் நன்றாகப் பெருகுகிறது. குளிர்ந்த மூக்கில் உடலின் எதிர்ப்பு சற்றே மந்தப்படுகிறது என்பது பின்னர் எலிகளின் மூச்சுப்பாதை உயிரணுக்களில் தெரியவந்தது. ஆகவே பாட்டிகள் சொன்னதை முழுவதுமாகத் தள்ளிவிட முடியாது. ஆனாலும் வைரஸ் இல்லாமல் சளிக்காய்ச்சல் இல்லை; அது வருவது இன்னொருவரின் தும்மலிலிருந்தும் கையிலிருந்தும்தான். வெந்நீரில் தலைக்குக் குளிக்கும் பிள்ளையை அதற்காகத் தடுக்க வேண்டியதில்லை.

பால் குடித்தால் கோழை கட்டும் என்பதையும் சோதித்திருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் 60 பேருக்கு ரைனோவைரஸைக் கொடுத்து, குடித்த பாலின் அளவையும் சிந்திய சளியின் எடையையும் ஒப்பிட்டார்கள். இரண்டுக்கும் சம்பந்தம் இல்லை என்பது 1990-இல் வெளியான முடிவு.

அடுத்தது, மருந்துக்கடைகளில் தினமும் நடப்பது. சளி பச்சையாகவோ மஞ்சளாகவோ மாறினால் கிருமி முற்றிவிட்டது, ஆன்டிபயாடிக் வேண்டும் என்பது. அந்தப் பச்சை நிறம் நோயை எதிர்த்து வந்த வெள்ளணுக்களில் உள்ள ஒரு நொதியின் நிறம். சாதாரண வைரஸ் சளியிலும் மூன்றாம் நான்காம் நாள் அது தோன்றும். நிறத்தைவிட நாளைக் கவனிப்பதே மேல். பத்து நாள் தாண்டியும் குறையாமல் இருந்தாலோ, குறைந்த சளி மறுபடி காய்ச்சலும் முகவலியுமாகத் திரும்பினாலோதான் பாக்டீரியாவைச் சந்தேகிக்க வேண்டும்.

மூக்கடைப்புக்கான சொட்டு மருந்து இதைவிடப் பெரிய கண்ணி. சைலோமெட்டசோலின், ஆக்ஸிமெட்டசோலின் கலந்த மருந்தை விட்டதும் சவ்வின் ரத்தக்குழாய்கள் சுருங்கி, நிமிடங்களில் மூச்சு திறக்கும். ஒரு வாரத்துக்கு மேல் தொடர்ந்தால் மருந்தின் வேகம் இறங்கியதும் சவ்வு முன்னைவிட அதிகமாக வீங்குகிறது. உடனே இன்னொரு சொட்டு. தலையணைக்கு அடியில் புட்டி இல்லாமல் தூங்க முடியாதவர்கள் இப்படித்தான் உருவாகிறார்கள். மருந்து தீர்க்க வேண்டிய அடைப்பை மருந்தே உண்டாக்கிக்கொண்டிருப்பது அவர்களுக்குத் தெரிவதே இல்லை. மூன்று முதல் ஐந்து நாள், அதற்கு மேல் வேண்டாம்.

மாறாக, ஸ்டீராய்டு என்ற பெயரைக் கேட்டே பலர் ஒதுக்கும் மூக்கு ஸ்பிரே, ஒவ்வாமைக்கு உண்மையில் நல்ல மருந்து. காலையில் எழுந்ததும் அடுக்குத் தும்மல், கண்ணிலும் மூக்கிலும் அரிப்பு, தண்ணீராய் ஒழுகும் மூக்கு, காய்ச்சல் மட்டும் இல்லை என்றால் அது பெரும்பாலும் ஒவ்வாமை. மெத்தையிலும் தலையணையிலும் வாழும் தூசிப் பூச்சி முக்கியக் காரணம். புளூட்டிகசோன், மொமெட்டசோன் போன்றவை மூக்கிலேயே வேலை செய்பவை. உடலில் கலப்பது மிகக் குறைவு, பழக்கமும் ஆகாது. முழுப் பலன் தெரிய ஓரிரு வாரம் ஆகும். இரண்டாம் நாளே பயனில்லை என்று நிறுத்துபவர்கள்தான் அதிகம்.

ஆவி பிடிப்பது இதமாக இருக்கும். நொச்சி இலை வாசனை மூக்குத் திறந்தது போன்ற உணர்வைத் தரும். வைரஸைக் கொல்லாது. கொரோனா இரண்டாம் அலையின்போது, 2021-இல், ரயில் நிலையம் போன்ற பொது இடங்களில் ஆவி பிடிக்கும் கருவிகள் வந்தபோது, தொற்று பரவும் என்று மக்கள் நல்வாழ்வுத்துறை அமைச்சர் மா. சுப்பிரமணியன் வேண்டாமென்று கேட்டுக்கொண்டார். வீட்டில் இருக்கும் ஆபத்து வேறு: கொதிக்கும் பாத்திரம் மடியில் கவிழ்ந்து வெந்துபோகும் குழந்தைகள். சிறுவர்களைப் போர்வைக்குள் பாத்திரத்தோடு உட்காரவைக்கவே கூடாது.

உப்புநீரால் மூக்கைக் கழுவுவது நல்லது. யோகப் பயிற்சியில் ஜல நேதி என்பதும் இதுவே. ஆனால் தண்ணீர் கொதிக்கவைத்து ஆறியதாக இருக்க வேண்டும். 2011-இல் அமெரிக்காவின் லூசியானாவில் குழாய்த் தண்ணீரை அப்படியே மூக்கில் விட்ட இருவர் மூளையைத் தாக்கும் அமீபாவால் இறந்தார்கள்.

குழந்தைகளின் சிரப் விஷயத்தில் இனியும் அலட்சியம் கூடாது. ஆண்டுக்கு ஆறேழு முறை சளி பிடிப்பது சிறு பிள்ளைகளுக்கு இயல்பு. ஒவ்வொன்றும் பெரும்பாலும் ஒரு வாரம், பத்து நாளில் தானே ஆறும். 2025-இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் இருமல் மருந்து குடித்த குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான அந்த மருந்தில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு கலந்திருந்தது. இரண்டு வயதுக்குக் கீழே சளி, இருமல் மருந்து கூடாது, ஐந்துக்குக் கீழே பொதுவாகப் பரிந்துரைக்கப்படுவதில்லை என்று மத்திய சுகாதாரத் துறை அப்போது அறிவித்தது.

வீட்டில் காத்திருக்கக் கூடாத அறிகுறிகளும் உண்டு. பிள்ளைக்கு ஒரு மூக்கில் மட்டும் நாற்றத்தோடு சளி வந்தால் உள்ளே மணியோ பட்டன் பேட்டரியோ சிக்கியிருக்கலாம். சர்க்கரை நோயாளிக்கு ஒரு பக்கக் கன்னம் மரத்து, மூக்கிலிருந்து கறுப்பாக வடிந்தால் அது கறுப்புப் பூஞ்சையாக இருக்கலாம். கண்ணைச் சுற்றி வீக்கம், பார்வை மங்கல், மூச்சுத் திணறல் ஆகியவையும் இந்த வரிசையில் வரும். இவற்றில் எதைக் கண்டாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.